புது பிளேடு பதவியேற்ற வரலாறு

பேரரசுகள் சரிந்தது போரினால் அல்ல, பராமரிப்பு இல்லாமையால்தான் என்பது சூப்பிரண்டின் அசைக்க முடியாத முடிவு. இதைச் சொல்ல அவருக்குத் தகுதி உண்டு. அலுவலகத்தில் பராமரிப்புப் பிரிவின் கண்காணிப்பாளராக இருந்த காலம் முழுவதும் ஒரு நாற்காலிகூட உடையாமல் காத்தவர் அவர். யாரையாவது உட்கார விட்டால்தானே உடையும்?

அவர் ஓய்வு பெற்றதும் அந்த மாபெரும் திறமை மொத்தமாக வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பராமரிக்க ஏதாவது அகப்படுமா என்று அறை அறையாகத் தேடியவர், கடைசியில் மனைவியின் தையல் அறைக்குள் நுழைந்தார்.

அம்மையார் துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைப்பவர். துணி வெட்ட அவரிடம் இரண்டே கருவிகள். ஒன்று ரோட்டரி கட்டர். பிடியின் நுனியில் வட்டமான பிளேடு சுழலும். துணிமேல் உருட்டினால் நேர்கோட்டில் வெட்டிக்கொண்டு போகும். இன்னொன்று அதற்கு அடியில் விரிக்கும் பச்சை மேட். எத்தனை முறை கீறினாலும் கீறலைத் தானே மூடிக்கொள்ளும் பெருந்தன்மை அதற்கு உண்டு. அம்மையாரும் இத்தனை வருடமாக ஏறக்குறைய அப்படித்தான் குடித்தனம் நடத்தி வந்தார்.

மகளுக்கு நிறைமாதம். மகள் சின்ன வயதில் போட்ட சட்டைகளையெல்லாம் அம்மையார் பத்திரமாக வைத்திருந்தார். அவற்றைத் துவைத்து, இஸ்திரி போட்டு, அடுக்கியும் வைத்தாகிவிட்டது. சதுரம் சதுரமாக வெட்டி ஒரு போர்வை தைக்க வேண்டும். பிறக்கும் பிள்ளையை முதன்முதலில் அதில்தான் சுற்ற வேண்டும். அவர் கண்ட கனவு அவ்வளவுதான்.

"என்னங்க, பிளேடு மழுங்கிடுச்சு. நூல் நூலா விட்டுட்டுப் போகுது. புதுசு ஒண்ணு வாங்கிட்டு வாங்களேன்."

வேறு கணவனாக இருந்தால் கடைக்குப் போயிருப்பான். சூப்பிரண்டு மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"மழுங்கிடுச்சுன்னு யார் சொன்னது?"

"நான்தான் சொல்றேன்."

"நீ பயனாளி. பயனாளி சொன்னா அது வெறும் புகார். விசாரிச்சாத்தான் உண்மை."

இருந்தாலும் அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. சாயங்காலமே புது பிளேடு வாங்கி வந்தார். வாங்கி, அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"அதான் வாங்கிட்டீங்களே! மாட்டிக் குடுங்க."

"பழசு ஓய்வு பெறாம புதுசு எப்படிம்மா பதவி ஏற்கும்?"

அம்மையார் பல்லைக் கடித்துக்கொண்டு பழைய பிளேடையே அழுத்தி உருட்டினார். துணி வெட்டுப்படவில்லை, தோள் வலித்தது, மேட்டில் பள்ளம் விழுந்தது. சூப்பிரண்டு குனிந்து பள்ளத்தைத் தடவிப் பார்த்தார். "மேட்டின் பாதுகாப்பு கருதி" பழைய பிளேடுக்கு அந்த நிமிடமே தடை விதித்தார். ஆக, புது பிளேடு பூட்டில், பழைய பிளேடு தடையில். இவ்வளவு சிறந்த பராமரிப்பு எந்த வீட்டிலும் நடந்திருக்காது.

அந்தச் சமயத்தில் மகளுக்குக் கால் வீங்கிவிட்டது என்று போன் வந்தது. துணைக்குக் கிளம்பிய அம்மையார் வாசலில் நின்று சொன்னார்: "நான் வர்றதுக்குள்ள பிளேடை மாத்தி வைங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். வந்ததும் ஒரே மூச்சுல வெட்டித் தைச்சிடுவேன்."

மகள் வீட்டில் இடைஞ்சலாக இருந்த மருமகன் இங்கே அனுப்பப்பட்டார். அவர் ஒரு கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருப்பவர். பழம் நழுவிப் பாலில் விழுந்தாற்போல் ஆயிற்று. சாப்பாட்டு மேசையில் மேட் விரிக்கப்பட்டு, இருவர் அடங்கிய விசாரணைக் குழு கூடியது.

"பழைய பேப்பர்ல வெட்டிப் பார்க்கலாமா மாமா?"

"பேப்பர் வெட்டினா பிளேடு கெட்டுடும் மாப்ளே. முதல் விதியே அதுதான்."

"அப்போ எந்தத் துணிக்கு பிளேடு வேணுமோ, அந்தத் துணியிலதான் சோதிக்கணும்."

"அறிவாளி மாப்ளே நீங்க!"

இஸ்திரி போட்ட அடுக்கின் மேலே வாத்துப் படம் போட்ட மஞ்சள் சட்டை இருந்தது. பழைய பிளேடு அதன்மேல் ஓடியது. நூல் விட்டது. அம்மையார் சொன்னது அப்படியே உண்மை.

"நிரூபணம் ஆயிடுச்சு" என்றார் சூப்பிரண்டு, சற்று ஏமாற்றத்துடன்.

"அவசரப்படாதீங்க மாமா. ஒரு தடவை வெட்டினா அது சம்பவம். திரும்பத் திரும்ப வெட்டினாத்தான் புள்ளிவிவரம். ஒப்பிட்டுப் பார்க்கப் புதுசும் வேணும்."

அலமாரி திறக்கப்பட்டது. புது பிளேடு தற்காலிகப் பொறுப்பு ஏற்றது. வெட்டினார்கள், பஞ்சைத் துடைத்தார்கள், ஒரு சொட்டு எண்ணெய் விட்டார்கள், மறுபடி வெட்டினார்கள். நீலச் சட்டை போயிற்று, பூப்போட்டது போயிற்று, பள்ளிக்கூடத்துச் சட்டை போயிற்று. அதில் பித்தான்கள் இருந்ததைக் குழு கவனிக்கவில்லை. புது பிளேடு ஒரு பித்தானில் ஏறி இறங்கியது. அதன் ஓரத்தில் ஒரு பல் விழுந்தது.

"இப்ப ரெண்டும் ஒரே மாதிரி வெட்டுது மாமா!"

"பாரபட்சமில்லாத சோதனைன்னா இதுதான் மாப்ளே."

களைப்புத் தீர டீ போட்டு, கொதிக்கிற பாத்திரத்தை மேட்டின்மேல் இறக்கி வைத்தார்கள். மேட் சூடு தாங்காது என்பது இரண்டாவது விதி; முதல் விதியைக் காப்பாற்றிய களைப்பில் அது ஞாபகம் வரவில்லை. பாத்திரத்தை எடுத்தபோது மேட்டின் நடுவில் வழித்த தலை மாதிரி ஒரு மேடு எழும்பியிருந்தது. அதையும் விடாமல் சேர்த்து, சூப்பிரண்டு அறிக்கை எழுதி உறையில் போட்டார்.

மகளுக்குக் கொஞ்சம் தேவலை, துணைக்கு அவள் மாமியாரும் வந்தாயிற்று என்று அம்மையார் திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்: "பிளேடு மாத்தியாச்சா?"

"மாத்தலாம்னு ஒருமனதாப் பரிந்துரை செஞ்சிருக்கோம்."

அம்மையார் மேசையைப் பார்த்தார். அடுக்கி வைத்த சட்டைகள் அத்தனையும் கந்தல் குவியலாகக் கிடந்தன. விரல் அகலத்துக்கு ஒரு மஞ்சள் துண்டைக் கையில் எடுத்தார். அதில் பாதி வாத்து இருந்தது. மிச்சப் பாதியைக் குவியலில் தேடினார், அகப்படவில்லை. மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இந்தச் சட்டையிலதாங்க அவ நடக்கப் பழகினா" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் சூப்பிரண்டு பதில் சொல்லியிருப்பார். அவர் மாப்பிள்ளையைப் பார்த்தார், மாப்பிள்ளை எண்ணெய்ப் புட்டியைப் பார்த்தார். அப்போது போன் அடித்தது. மகளுக்கு வலி எடுத்துவிட்டது.

மூவரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அந்த ஓட்டத்திலும் சூப்பிரண்டின் கக்கத்தில் அறிக்கை இருந்தது. பழக்கதோஷம்.

பெண் குழந்தை. ஆஸ்பத்திரித் துண்டில் சுற்றி நர்ஸ் கொண்டு வந்து காட்டினார்.

"ஏசி ஜில்லுன்னு இருக்கு. வீட்டுலேருந்து போர்வை கொண்டு வந்திருக்கீங்களா?"

கட்டிலில் கிடந்த மகள் ஆசையாகத் தலையைத் திருப்பினாள். "அம்மா, தைச்சிட்டேல்ல?"

அம்மையார் கணவரின் கக்கத்திலிருந்து உறையை உருவி, உள்ளேயிருந்த தாள்களை எடுத்து நர்ஸின் கையில் கொடுத்தார்.

"இதைப் போர்த்துங்கம்மா. இவளோட தாத்தாவும் அப்பாவும் ராப்பகலா உழைச்சுத் தயாரிச்சது. எங்க வீட்டுலயே இது ஒண்ணுதான் இன்னும் வெட்டுப்படாம இருக்கு."