ஒழுகும் கூரைக்கு நாலரைக் கோடி

வீட்டை விற்பதில்லை என்று நான் உறுதியாக முடிவு செய்தேன். விற்பது என்று என் மனைவி எடெல்கா அதற்கு முன்தினமே முடிவு செய்திருந்தாள்.

பாலட்டன் ஏரிப்பக்கம் வீட்டு விலைக்குப் புத்தி பேதலித்துவிட்டது. போன வசந்தத்தில் எதிர்வீட்டுப் பன்றிக்கொட்டிலை ஒரு புடாபெஸ்ட்காரர் இரண்டு கோடி ஃபோரிண்டுக்கு வாங்கினார். பன்றி சேர்த்தியில்லை. அன்றிலிருந்து எடெல்காவுக்கு டவுனில் லிஃப்ட் வைத்த ஃபிளாட் கனவு. நானோ ஓய்வுபெற்ற லத்தீன் ஆசிரியன். என் நாலாயிரம் புத்தகங்களும் எந்த ஃபிளாட்டிலும் அடங்காது.

பொய் சொல்வது எனக்குப் பிடிக்காது. எனவே, வருகிறவர்களை உண்மையைச் சொல்லியே விரட்டத் திட்டமிட்டேன்.

ஞாயிறு காலை ஷொம்போர், லில்லா என்ற இளம் தம்பதி வந்தார்கள்.

"நாணல் கூரை. வெளியே மழை நின்னாலும் உள்ளே நிக்காது" என்றேன்.

"அசல் நாணலா!" லில்லா கன்னத்தில் கை வைத்தாள்.

"பரண்ல மரநாய் குடும்பம் நடத்துது. விடிய விடியச் சண்டை."

"நம்ம மாடிவீட்டுக்காரங்களுக்கு இது எவ்வளவோ தேவலைங்க" என்றாள் புருஷனிடம்.

"கிணத்துத் தண்ணியில கந்தக வாடை!"

"ஹேவீஸ் வெந்நீர் ஏரியில குளிக்க, அந்த வாடைக்குத்தானே டிக்கெட் வாங்கிட்டு நிக்கிறோம்? மூணரைக் கோடி தரேன்" என்றான் ஷொம்போர்.

கடைசி அஸ்திரத்தை எடுத்தேன்.

"தம்பி, இங்கே போன் சிக்னலே கிடையாது!"

அவன் கண் கலங்கியது. "எங்க மேனேஜர் கூப்பிட்டாக்கூடவா?"

"கடவுள் கூப்பிட்டாலும் கிடைக்காது."

"நாலரைக் கோடி!"

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் எடெல்கா, கையில் தட்டோடு.

"பாவம், கத்திக் கத்தித் தொண்டை வறண்டுபோச்சு. இந்தாங்க."

ஒரே மடக்கு. பிளம் பழச் சாராயம். குடித்து நிமிர்ந்தபோதுதான் தட்டில் இன்னும் மூன்று காலிக் கோப்பைகள் இருப்பதைப் பார்த்தேன்.

எங்கள் ஊரில் விலை சொன்னதும் இரு தரப்பும் சேர்ந்து குடித்தால் வியாபாரம் முடிந்தது. பத்திரமெல்லாம் பிறகுதான். குடித்துவிட்டுப் பின்வாங்கியவனுக்கு முடிதிருத்துபவர்கூட நாற்காலி தரமாட்டார். இவ்வழக்கத்தின் தொன்மை பற்றி ஊர் நூலகத்தில் இரண்டு மணி நேரம் உரையாற்றியவனே நான்தான்.

"எடெல்கா, தாகத்துக்குக் குடிச்சேன்மா!"

"அதான் தெரியுமே. உப்புக் கறியைக் காலையில ரெண்டு துண்டு கூடுதலா வெச்சது யாரு?"

"இத்தனை குறை சொன்னேனே, தம்பி! அப்புறமும் எப்படி வாங்கறீங்க?"

"நீங்க சொல்வீங்கன்னு தெரிஞ்சுதானே ஐயா வந்தோம்!" லில்லா பையிலிருந்து விளம்பரத் தாளை எடுத்து நீட்டினாள். எடெல்கா எழுதியிருந்த கடைசி வரியைப் படித்தேன்:

"வீட்டின் சிறப்புகளை வீட்டுக்காரரே, குறை என்று நினைத்துக்கொண்டு, நேரில் விளக்குவார்."