இரண்டு கதவுக் காரில் ஒரு கரடி

ஒரு காட்டில், எல்லாக் காட்டிலும் இருப்பது போலவே, ஒரு கரடி இருந்தது. எல்லாக் காட்டிலும் இல்லாத விதமாக அந்தக் கரடியிடம் ஒரு சொகுசு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. கரடியின் பெயர் வேலாண்டி. கார் கூப்பே வகை. அதாவது கதவு இரண்டு, சீட்டு நாலு. பின்னால் இருக்கும் இரண்டு சீட்டும் பேச்சுக்குத்தான். அதில் ஒரு தேங்காயை வைத்தால் தேங்காய்க்கே மூச்சு முட்டும்.

வேலாண்டி அந்தக் காரை வாங்கியது கோடையில். அப்போது அவன் ஒல்லி. அதற்குப் பிறகு தேன் காலம் வந்தது. அவனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, அந்த வருஷத்துத் தேன் அப்படி. கரடி பெருத்தது, கார் மட்டும் அதே அளவில் நின்றுவிட்டது.

காட்டில் தார் ரோடு என்று ஒன்று உண்டு. நாவல் மரத்தில் தொடங்கி ஓடைக்கரையில் முடிந்துவிடும். ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டுக் கொட்டாவி விட்டால் ஓடைக்குள் போய்விடலாம். வேலாண்டியோடு சேர்த்துக் கூப்பே வைத்திருந்த நாலு பேரும் அந்த ரோட்டோரம்தான் குடியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் காரைத் துடைத்து, நாவல் மரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தி, இதைவிட நல்ல வண்டி உலகத்தில் உண்டா என்று விவாதிப்பார்கள். உண்டு என்று யாரும் சொன்னதில்லை. ஆனாலும் விவாதம் மத்தியானம் வரை நடக்கும்.

இந்த நாலு பேர் சங்கத்தில் ஒரு பழக்கம் இருந்தது. வண்டியைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது. சொன்னால் வாங்கியவன் முட்டாள் என்று ஆகிவிடும் அல்லவா? அதனால் குறைகளுக்கெல்லாம் வேறு பெயர் வைத்திருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முயல் தவமணிதான் ஆரம்பித்தான். ஸ்டீரிங்குக்கு மேலே அவன் காது மட்டும்தான் தெரியும்.

"எனக்கு இதுல பிடிச்சதே ரோடு தெரியாததுதான். தெரிஞ்சாத்தானேப்பா பயம் வரும்? சுத்தமான ஸ்போர்ட்ஸ் வண்டி!"

"ஸ்போர்ட்ஸ் ஒரு பக்கம் இருக்கட்டும், இது சொகுசு வண்டி" என்றாள் முள்ளம்பன்றி அலமேலு. அவள் உட்கார்ந்து உட்கார்ந்து தோல் சீட்டு சல்லடையாகியிருந்தது. "வென்டிலேட்டட் சீட்டு. காத்து பிச்சுக்கிட்டு வருது. உங்க வண்டிக்கெல்லாம் இது வந்துச்சா?"

நாலாவது ஆள் கடமான் ஞானப்பிரகாசம். பொய் பேசவே தெரியாதவர். அதனால் சங்கத்தில் அவரை அதிகம் பேச விடுவதில்லை. கொம்பு உள்ளே அடங்காததால் சன்ரூஃபைத் திறந்து கொம்பை வெளியே விட்டுத்தான் அவர் வண்டி ஓட்டுவார். அன்றைக்கு மட்டும் இறங்கி மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்.

"வேலாண்டி, நீயும் இறங்கி வாயேன்" என்றார்.

"இருக்கட்டும் அண்ணே. உள்ள ஏசி நல்லா இருக்கு."

ஏசியும் இல்லை, ஒன்றும் இல்லை. வேலாண்டியால் இறங்க முடியவில்லை. காலையில் அவன் மனைவி செங்கமலம் தோளைக் கொடுத்து முட்டித்தான் அவனை உள்ளே ஏற்றியிருந்தாள். கதவு மூடியபோது டப்பென்று கேட்ட சத்தத்தில் அவனுக்குப் பெருமையாக இருந்தது. இப்போது வயிறு ஸ்டீரிங்கில், முதுகு சீட்டில், முட்டி டேஷ்போர்டில். எங்கே அசைத்தாலும் ஹாரன் அடித்தது. இழுத்து விடுங்கள் என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், கேட்கத்தான் வாய் வரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"சீட்டு அப்படியே கட்டிப் பிடிச்சுக்குது" என்று மட்டும் சொல்லிவைத்தான். மற்றவர்கள் பொறாமையோடு தலையாட்டினார்கள்.

அப்போதுதான் புதரை விலக்கிக்கொண்டு புலி வந்தது.

ஓடியிருக்கலாம். ஆனால் சொந்தமாக ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவன் காலால் ஓடினால் காட்டில் நாலு பேர் என்ன பேசுவார்கள்? தவமணி தன் காருக்குள் பாய்ந்து ஒரே மிதி மிதித்தான். வண்டி அம்பு மாதிரி பறந்தது. ஓடைக்கரையில் ரோடு முடிந்துவிட்டது. திருப்பவும் இடமில்லை. வேறு வழியில்லாமல் அதே வேகத்தில் ரிவர்ஸில் புலியின் காலடிக்கே திரும்பி வந்து சேர்ந்தான்.

புலி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தது. டயரை ஒரு எத்து எத்திப் பார்த்தது.

"நல்லா இழுக்குதே! மைலேஜ் என்ன குடுக்கும்?"

தவமணியின் காது ஸ்டீரிங்குக்குக் கீழே இறங்கியது.

"பயப்படாதீங்கப்பா" என்று புலி உட்கார்ந்துகொண்டது. "அடுத்த காட்டுல என் மச்சான் ஜீப்பு வாங்கிட்டான். வீட்ல தினமும் பேச்சு தாங்கல. எனக்கும் வயசாச்சு, முன்ன மாதிரி துரத்த முடியல. ஒரு வண்டி எடுக்கலாம்னு ஆசை. வச்சிருக்கிறவங்க நீங்க சொல்லுங்க. மானே, நீ சொல்லு. நல்ல வண்டியா?"

அலமேலு வேண்டாம் வேண்டாம் என்று சாடை காட்டினாள். ஞானப்பிரகாசம் அதைப் பார்த்தால்தானே? பல மாதங்களாகப் பேச விடாமல் வைத்திருந்த மனிதரிடம், மன்னிக்கவும், மானிடம் ஒருவர் கருத்துக் கேட்டுவிட்டார். மடை திறந்துவிட்டது.

"உண்மையைச் சொல்லணும்னா ஐயா, வாங்காதீங்க. சின்ன மேடு வந்தாலும் அடியில தட்டுது. பின்சீட்டுல பிள்ளைங்க உட்கார முடியாது. மழை வந்தா நான் மேல துணியக் கட்டிக்கிட்டு ஓட்டுறேன். இடுப்பு போச்சு. சர்வீசுக்கு விட்டா வண்டி திரும்பி வர்றதுக்குள்ள கொம்பு ஒருவாட்டி உதிர்ந்து முளைச்சிருது."

புலியின் முகம் வாடிவிட்டது. பாவமாகத்தான் இருந்தது.

"எவ்வளவு ஆசையா வந்தேன் தெரியுமா?" என்றது. "எனக்கு ஒரு கெட்ட பழக்கம். மனசு ஒடைஞ்சா பசிக்கும்."

சொல்லிவிட்டு ஞானப்பிரகாசத்தைச் சாப்பிட்டது. கொம்பை மட்டும் மரியாதையாக ஓரத்தில் வைத்தது.

பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு வேலாண்டியின் ஜன்னலில் குனிந்தது.

"கரடி, நீ சொல்லு. நல்ல வண்டியா?"

வேலாண்டி தன்னையே ஒரு முறை பார்த்துக்கொண்டான். மரத்துப்போன கால், விட்டுப்போன இடுப்பு, விலாவில் குத்தும் கைப்பிடி என்று உடம்பு முழுக்க உண்மையாகவே இருந்தது. செத்துப்போவோம் என்று நினைத்தபோது அழுகை வந்தது. செங்கமலத்தை நினைத்தபோது இன்னும் வந்தது. கண்ணீரோடு வாயைத் திறந்தான்.

"ஐயா, இது வண்டியே இல்ல. தெய்வம்."

"அழறியே?"

"ஆனந்தம் ஐயா. ஏறி உட்கார்ந்தாலே இப்படித்தான் ஆயிடுது. மான் சொன்னதை நம்பாதீங்க, அவருக்கு ஓட்டத் தெரியாது. அடியில தட்டுதுன்னா ரோட்டோட அவ்வளவு நெருக்கம்னு அர்த்தம். பின்சீட்டு சின்னதா இருந்தாத்தானே மச்சான் ஏறி உட்கார மாட்டான்?"

புலியின் மீசை துடித்தது. "அட, ஆமால்ல! சரி, இறங்கு. நான் உட்கார்ந்து பாக்கணும்."

வேலாண்டி கணக்குப் போட்டான். முடியவில்லை என்றால் வண்டி சின்னது என்று ஆகும். வண்டி சின்னது என்றால் புலிக்கு மனசு உடையும். மனசு உடைந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கொம்பு சாட்சி.

"இறங்க மனசே வரமாட்டேங்குதுய்யா" என்றான். "தானா இறங்கவே மாட்டேன். நீங்கதான் பிடிச்சு இழுக்கணும்."

புலி நெகிழ்ந்துபோனது. ஒரு வண்டியின் மேல் இவ்வளவு பாசமா! கதவைத் திறந்து, கரடியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, காலைக் காரில் உதைத்து இழுத்தது. ஹாரன் அலறியது. கரடி வரவில்லை. அலமேலு அந்தப் பக்கக் கதவு வழியாக உள்ளே போய், "மன்னிச்சுக்க வேலாண்டி" என்று சொல்லித் திரும்பி நின்று பின்பக்கமாக ஒரு இடி இடித்தாள். வேலாண்டி போட்ட சத்தத்தில் ஓடையில் இருந்த கொக்கெல்லாம் எழுந்து பறந்தது. அடுத்த நொடி அவன் புல்தரையில் கிடந்தான்.

அலமேலு இறங்கிக்கொண்டாள். புலி ஏறியது. முழுக் கடமான் ஒன்று வயிற்றில் இருந்ததால் ஏறுவதற்குக் கொஞ்சம் சிரமப்பட்டது. வேலாண்டி எழுந்து, தோளைக் கொடுத்து முட்டிக் கதவைச் சாத்தினான். டப்.

"கொஞ்சம் இறுக்கமா இருக்கே?"

"அதான் ஐயா ஸ்போர்ட்ஸ்."

புலி அசைந்தது. ஹாரன் அடித்தது. மறுபடி அசைந்தது, மறுபடி அடித்தது. உயிரோடு இருந்தபோது யாரும் கேட்காத ஞானப்பிரகாசத்தின் கருத்து, இப்போது புலிக்கு உள்ளே இருந்து நன்றாகவே வேலை செய்தது. புலி நிமிர்ந்து பார்த்தது. மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மரத்தில் குரங்குகள் வேறு. புலி சட்டென்று முகத்தைச் சரிசெய்துகொண்டு, ஒரு கையை ஜன்னலில் போட்டுக்கொண்டது.

"எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல" என்றது. "நல்ல வண்டி. நானே வச்சுக்கிறேன்."

"வச்சுக்குங்க ஐயா" என்று சொல்லிவிட்டு வேலாண்டி முதுகில் முள்ளோடு வீட்டுக்கு நடந்தான். நடப்பது இவ்வளவு சுகமா என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

வாசலில் செங்கமலம் நின்றாள்.

"வண்டி எங்கய்யா?"

"வித்துட்டேன்."

"யாருக்கு?"

"புலிக்கு."

செங்கமலம் நெஞ்சில் கை வைத்தாள். "புலிக்கா? என்ன குடுத்தான்?"

"என்னைக் குடுத்தான்" என்று சொல்லி, வேலாண்டி அவள் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதான்.

செங்கமலம் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் பேசிக் கேட்டிருக்கலாம்" என்றாள்.

நீதி: உங்கள் வண்டி எப்படி என்று யார் கேட்டாலும் வானளாவப் புகழுங்கள். உண்மையைச் சொன்னால் கேட்பவர் வாயில் நீங்கள் போவீர்கள். பொய்யைச் சொன்னால் உங்கள் வண்டியில் அவர் போவார். போவார் என்பது ஒரு பேச்சுக்கு.