ஊருக்கெல்லாம் நேர்ந்துகொண்ட மதினி

எண்பதுகளில் இராஜபாளையத்தில் எங்கள் கோயிலுக்கு வந்துகொண்டிருந்த தாய்மார்கள் சாத்தானுக்குப் பயந்தார்களோ இல்லையோ, நேர்ச்சை மதினிக்குப் பயந்தார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் தெருக்கதவைச் சாத்துவோம். அப்புறம்தான் நெற்றியைத் தொட்டுப் பார்ப்போம்.

பிள்ளை குணமானால் மொட்டை போடுகிறேன், மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன் என்று அந்தோணியாரிடம் நேர்ந்துகொள்ளாத கத்தோலிக்கத் தாய் எங்கே இருக்கிறாள்? நாங்களும் நேர்ந்துகொண்டவர்கள்தான். மதினியின் முறை வேறு. நேர்ந்துகொள்பவர் அவர், செலுத்த வேண்டியவர்கள் நாங்கள். நம் பிள்ளை இருமுவது அவர் காதில் விழுந்தால் போதும். நின்ற இடத்திலேயே கண்ணை மூடி, இரண்டு கைகளையும் விரித்து, நம் சார்பில் புனிதரிடம் பேசி முடித்துவிடுவார். அதற்குமேல் மாட்டேன் என்றால் புனிதரை ஏமாற்றியதாகிவிடும். அந்தத் துணிச்சல் எங்களில் யாருக்கும் இல்லை.

பேண்டேஜ் துணி சுற்றும் கம்பெனி ஒன்றில் அவருக்கு வேலை. நல்ல உயரம். தறிச் சத்தத்தைத் தாண்டிப் பேசிப் பழகிய குரல். சைக்கிள் கடை வைத்திருந்த அவர் கணவர் வாய் திறந்து நான் பார்த்ததில்லை, முறை வந்திருக்காது. மதினியின் ஞானஸ்நானப் பெயர் என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பங்குச் சாமியாரே அவரை "மதினி" என்றுதான் கூப்பிடுவார். சாமியாருக்கு எந்த வழியில் மதினி என்று யாரும் கேட்டதில்லை.

எங்கள் தெருவில் பேங்க் கிளார்க் ஒருவரின் மகன் மூக்குக்குள் புளியங்கொட்டையைத் திணித்துக்கொண்டான். மதினி ஓடி வந்து, கொட்டை வெளியே வந்தால் இவன் அப்பன் கோயிலைச் சுற்றி உருண்டு வருவான் என்று நேர்ந்தார். அவர் கையைக் கீழே இறக்குவதற்குள் பையன் தும்மினான். கொட்டை எதிர்ச்சுவரில் போய் விழுந்தது. தும்மலுக்கும் வேண்டுதலுக்கும் சம்பந்தமில்லை என்று கிளார்க் சாமியாரிடம் முறையிட்டுப் பார்த்தார். சாமியார் சிரித்துக்கொண்டே, அதை மதினியிடம் பேசிக்கொள்ளுங்கள் என்றாராம். வேட்டி அவிழ்ந்துவிடும் என்ற வெட்கத்தில் கிளார்க் பேண்ட், பெல்ட், சட்டையோடு உருண்டார். மதினி முன்னால் நடந்து கல்லை எல்லாம் காலால் ஒதுக்கிக்கொடுத்தார்.

அதன்பிறகு பிள்ளைகளின் நோயை மறைப்பது எங்களுக்கு ஒரு தனி வேலையாகிவிட்டது. மறைக்கல்வி வகுப்புக்கு ஒரு பையன் பங்குனி வெயிலில் மப்ளர் கட்டிக்கொண்டு வந்தான். பொன்னுக்கு வீங்கியை ஸ்டைல் என்று சொல்லச் சொல்லி அனுப்பியிருந்தாள் அவன் அம்மா. நோய் கிடைக்காத நாளில் மதினி விளையாட்டுக்கு நேர்ந்துகொள்வார். பங்கு விளையாட்டுப் போட்டியில் சாக்கு ஓட்டம் ஓடிய பிள்ளைகள் அத்தனை பேருக்கும் முதல் பரிசு கிடைக்க வேண்டும் என்று தனித்தனியாக அவர் கேட்டுக்கொண்டதில், அந்தோணியார் என்ன செய்வார், பிள்ளைகள் எல்லாரும் கோட்டுக்கு முன்னால் ஒருவர் மேல் ஒருவராக விழுந்தார்கள்.

கிறிஸ்துமஸ் பவனியில் பிள்ளைகள் சம்மனசு வேடம், அதாவது தேவதூதர் வேடம், போடுவார்கள். ஒரு வருடம் அத்தனை சம்மனசுகளுக்கும் மதினியே உடை தைத்தார், கம்பெனியில் கழித்துப்போட்ட, காயத்துக்குக் கட்டும் காஸ் துணியில். அங்கிக்கும் அதே துணி, தலைக்கட்டுக்கும் அதே துணி. கடைத்தெருவில் நின்றவர்கள் எந்த பஸ் கவிழ்ந்தது என்று எங்களிடம் விசாரித்தார்கள். என் வீட்டுக்காரர் மில்லில் சூப்பர்வைசர். அவர் பவனியில் பாதியிலேயே ஒரு சந்துக்குள் திரும்பி வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்தப் பவனியில் என் மகள் ஜெசியும் ஒரு சம்மனசு. சத்தமே போடாமல் நடந்ததற்காக அவளை எல்லாரும் பாராட்டினார்கள். அவள் சத்தம் போடாததுதான் என் கவலை. மூன்று வயது முடிந்தும் ஒரு வார்த்தை பேசவில்லை. சிரிப்பாள், ஓடுவாள், கூப்பிட்டால் திரும்புவாள். அம்மா என்ற சொல்கூட வரவில்லை. வீட்டில் ஜெபமாலை சொல்லும்போது எல்லாரும் "அருள் நிறைந்த மரியே" என்க, அவள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். கேட்கிறவர்களிடம் கூச்சம் என்று சொல்லிச் சமாளித்தோம். சொல்லிச் சொல்லி எங்களுக்கே நாக்கு கூசியது.

தெரிந்தவர்கள் கண்ணில் படாமல் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். காது நன்றாகக் கேட்கிறது, சில பிள்ளைகளுக்குத் தாமதமாகும், பொறுத்திருங்கள் என்றார். திரும்பும் பஸ்ஸில் ஏறினால் முன் சீட்டில் மதினி. யாரோ ஒருவரின் நிலத் தகராறு ஜெயிக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டு, தீர்ப்பைக் கேட்க கோர்ட்டுக்கு வந்திருந்தார்.

எங்கே போய்விட்டு வருகிறாய் என்றார். பால்கோவா வாங்க என்றேன். கையில் பால்கோவா இல்லை. பிள்ளையிடம் பேச்சுக் கொடுத்தார். அவள் சிரித்தாள். கூச்சம் மதினி என்றேன்.

"இவளுக்கா கூச்சம்? போன ஞாயித்துக்கெழம சாமியார் அங்கியப் பிடிச்சு இழுத்தாளேட்டி" என்றார் மதினி.

எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன காரியம் செய்துவிட்டோம் என்று உறைத்தது. மதினி எழுந்துவிட்டார். ஓடுகிற பஸ்ஸில், கம்பியை விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் விரித்துவிட்டார்.

"அந்தோணியாரே, வார திருநாளுக்குள்ள இந்தப் பிள்ள பேசணும். பேசிட்டாள்னா இவ ஆத்தா தெருத்தெருவா மடிப்பிச்ச எடுத்து உமக்கு அசனம் போடுவா."

அசனம் என்றால் புனிதர் பேரால் ஊருக்குச் சோறாக்கிப் போடுவது. அதற்கு முந்தானையை ஏந்தி வீடு வீடாக அரிசி கேட்க வேண்டும். பஸ்ஸில் எங்கள் மில் ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. கண்டக்டர் என்னிடம் உங்கள் வீட்டுக்காரருக்கு எந்த மில் என்று கேட்டார். மதினி எனக்கு முந்திக்கொண்டு மில், பதவி, இந்த வாரம் எந்த ஷிப்ட் எல்லாம் சொன்னார். இராஜபாளையம் வரும்வரை நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்காரர் கேட்டதும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். தன்னிடம் வேலை பார்க்கிறவர்கள் வீட்டு வாசலிலெல்லாம் நீ போய் முந்தானையை ஏந்துவாயா என்றார். பிறகு ஜெசியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். முதலில் பேசட்டும், பிச்சையைப் பற்றி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

மதினி வேண்டியதோடு விடவில்லை. கம்பெனி விட்டதும் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, தலைமுடியெல்லாம் பஞ்சோடு, பிள்ளையை எதிரே உட்காரவைத்துக்கொள்வார். "ஏட்டி, சொல்லு, அம்மா. ஏட்டி, சொல்லு, அப்பா. ஏட்டி, சொல்லு, அந்தோணியார்." அடியே என்பது மதினி வாயில் ஏட்டிதான், தெருமுனை வரைக்கும் கேட்கும். எதிர்வீட்டுக் கைக்குழந்தை அம்மா என்று சொல்லப் பழகிக்கொண்டது. ஜெசி மதினியின் வாயைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

திருநாள் நெருங்கியது. கொடியேற்றினார்கள். பிள்ளை பேசவில்லை. எனக்குத் துக்கமாக இருந்தது. கூடவே, பிச்சை எடுக்க வேண்டியதில்லை என்ற நிம்மதியும் வந்தது. பெற்ற பிள்ளை விஷயத்தில் இப்படியும் ஒரு நிம்மதியா என்று கண்ணாடி பார்க்கவே வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை வாசலில் குரல் கேட்டது. மதினி நின்றிருந்தார். குளித்து, வெள்ளைச் சேலை உடுத்தி, முந்தானையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு. அந்தோணியார் பேரால் பிச்சை போடு என்றார்.

"பிள்ள இன்னும் பேசலியே மதினி" என்றேன்.

"பேசலதான்."

"பொறவு எதுக்கு?"

"ஏட்டி, நாம கேட்டு அந்தோணியாரால குடுக்க முடியலன்னு வையி. திருநாளன்னைக்கு நம்ம மூஞ்சில எப்பிடி முழிப்பாவ? பாவம், அவியளுக்கு வெக்கமா இருக்கும்லா. நாம போட வேண்டியதப் போட்டுருவோம்."

புனிதருக்கு வெட்கம் வரும் என்று நான் அதுவரை யோசித்ததில்லை. அரிசிப் பானைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு அரிசியை அவர் முந்தானையில் போட்டுவிட்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் கிளம்பினேன். என் பிள்ளைக்காக இன்னொருத்தி பிச்சை எடுக்க, நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை.

முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டுதான் நடந்தேன். மூடி என்ன பயன்? ஒவ்வொரு வாசலிலும் மதினி, இவள் இன்னார் சம்சாரம், இன்ன மில், பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை என்று முழு விவரமும் சொல்லித்தான் அரிசி கேட்டார். மில் மேனேஜர் வீட்டைத் தாண்டிப் போய்விடலாம் என்று நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் கேட்டைத் திறந்துவிட்டார்.

மேனேஜர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். முந்தைய ஆயுதபூஜைக்கு அந்த வீட்டு சோபாவில் உட்கார்ந்து பட்டுச்சேலையோடு நான் காபி குடித்திருந்தேன். மேனேஜரின் மனைவி என்னைப் பார்த்து "ரண்டி" என்று கூப்பிட்டார், விருந்தாளியைக் கூப்பிடுவதுபோல. பிறகுதான் முந்தானையைக் கவனித்தார். நான் தரையைப் பார்த்தேன். அந்த அம்மா ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் அரிசி கொண்டுவந்து போட்டுவிட்டு, தன் அக்கா மகனும் ரொம்ப நாள் பேசாமல் இருந்தான், இப்போது வாயை மூட மாட்டேன் என்கிறான் என்று ஜெசியின் கன்னத்தைத் தட்டினார். திரும்பும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் கண்ணைக் காட்டுவதற்குள் மதினி கைகளை விரித்தாயிற்று: இந்த முழங்கால் வலி போனால் இந்த வீட்டு ஐயா அசனத்தில் சாம்பார் ஊற்றுவார்.

வலி போயிற்றா என்று தெரியாது. ஆனால் அசனத்தன்று மேனேஜர் வந்துவிட்டார். பேண்டைக் கணுக்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் வந்தார். பந்தியில் இருந்த மில்காரர்கள் இலைக்கு முன்னால் எழுந்து நின்றுவிட்டார்கள். என் வீட்டுக்காரர் உட்காருவதா நிற்பதா என்று தெரியாமல் பாதி எழுந்த நிலையிலேயே சாம்பாரை வாங்கிக்கொண்டார். பிள்ளைகள் மட்டும் வெட்கமில்லாமல் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். ஜெசியும் நன்றாகச் சாப்பிட்டாள். பேசவில்லை.

மதினி மட்டும் அடுத்த நாளும் வந்து "ஏட்டி, சொல்லு" என்று உட்கார்ந்தார்.

மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசை. பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு முன்னால் மதினி. எழுந்தேற்ற நேரம் வந்தது. எல்லாரும் முழங்காலில் நின்றோம். சாமியார் அப்பத்தை உயர்த்தினார். மணி அடித்து ஓய்ந்தது. கோயிலில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. ஜெசி என் பிடியிலிருந்து நழுவி முன்னால் போய், மதினியின் முதுகில் தட்டினாள்.

"ஏட்டி" என்றாள். கணீரென்று, மதினியின் அதே இழுப்போடு. கொஞ்சம் விட்டு, "ஏட்டி, சொல்லு" என்றாள்.

உயர்த்திய அப்பம் உயர்த்தியபடியே நின்றது. சாமியாரின் தோள் குலுங்கியதாக ஆண்கள் பக்கத்தில் பிறகு சொன்னார்கள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, நான் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டேன். மறுபக்கம் என் வீட்டுக்காரர், சூப்பர்வைசர், எல்லார் முன்னாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மதினி மட்டும் திரும்பிப் பார்க்கவே இல்லை.

பூசை முடிந்ததும் எல்லாரும் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். மதினியைக் காணோம். தேடிப்போனால், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் பின்னால் முகத்தை மூடிக்கொண்டு நின்றிருந்தார். பஸ்ஸில் கூசாதவர், மேனேஜர் வீட்டில் கூசாதவர், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆண்டவரத் தூக்கிக் காட்டுத நேரத்துல பிள்ள ஏட்டிங்குது" என்றார். "எல்லாம் எங்கிட்டப் படிச்சது. நான் மூஞ்சிய எங்கட்டி கொண்டுபோய் வைக்க?"

"மதினி, பிள்ள பேசிட்டா" என்றேன்.

அது அவருக்குத் தோன்றவே இல்லை போலிருக்கிறது. முந்தானையை விலக்கி என்னைப் பார்த்தார். "ஆமாலா" என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் சொன்னதுபோல அது தாமதமாக வந்த பேச்சுதான் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். நான் மறுப்பதில்லை. மதினியிடம் அதை நாங்கள் சொன்னதும் இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் வீட்டுக்காரருக்குக் கோயம்புத்தூரில் வேறு மில்லில் வேலை கிடைத்தது. இராஜபாளையம் ஸ்டேஷனுக்கு மதினி வழியனுப்ப வந்திருந்தார். பிளாட்பாரத்தில் நின்றே எங்களுக்கு என்னென்ன நேர்ந்துவிடப் போகிறாரோ என்று பயந்துகொண்டே ரயில் ஏறினேன். ஜெசி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசத் தொடங்கினாள். புதுப் பள்ளிக்கூடம், புதுப் பை, வீட்டில் விட்டுவந்த பூனை என்று மூச்சுவிடாமல் பேசினாள். வண்டி நகர்ந்தது. மதினி ஜன்னலோடு கூடவே நடந்து வந்தார். நடுவில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. பிளாட்பாரம் முடிகிறவரை பிள்ளையின் வாயையே பார்த்துக் கேட்டுக்கொண்டு வந்தார்.

மதினி எவ்வளவு அழகு என்பதை அன்றுதான் கவனித்தேன்.