கடல்காரருக்காக டியூப்பில் உட்கார்ந்த கதை

நாமக்கல்லில் சொந்தமாகக் கடல் வைத்திருந்த ஒரே மனிதர் அவர்தான். கூடத்தில், சாமி படத்துக்குக் கீழே, நாலு பக்கமும் கண்ணாடி போட்டு வைத்திருந்தார். நிஜக் கடலை அவர் பார்த்ததே இல்லை. மீன் வாங்க மெட்ராஸ் மூர் மார்க்கெட்டுக்கு அடிக்கடி போவார். அங்கிருந்து கடற்கரை எட்டிப்பிடிக்கிற தூரம். "பாலிதீன் பையில மீனு மூச்சு முட்டிக் கெடக்குது, கடலப் பாத்துக்கிட்டு நின்னா ஆகுங்களா?" என்று அடுத்த லாரியைப் பிடித்துத் திரும்பிவிடுவார். ஊர் அவருக்குக் கடல்காரர் என்று பெயர் வைத்தது. அந்தக் கடலுக்குத் தண்ணீர் சுமந்தவன் நான். எண்பதுகளின் தொடக்கத்தில் சுமந்தது. என் இடுப்பு இன்னும் மறக்கவில்லை.

லாரி புக்கிங் ஆபீஸில் அவர் மேனேஜர், நான் குமாஸ்தா. ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த எனக்குத் தங்க இடமில்லை என்று தன் வீட்டு மாடி அறையைக் கொடுத்தார். குடி வைக்கிறவர்கள் கல்யாணம் ஆயிற்றா, கவிச்சி சமைப்பாயா என்றெல்லாம் கேட்பார்கள். அவர் கேட்டது ஒன்றுதான்: நடக்கும்போது குதிகாலை ஊன்றி நடப்பேனா? மாடியில் யாராவது தொம்தொம்மென்று நடந்தால் கீழே மீன்கள் மிரண்டு கண்ணாடியில் முட்டிக்கொள்ளுமாம். அங்கே இருந்த காலம் முழுக்க நுனிக்காலில் நடந்தேன். பழக்கதோஷத்தில் தெருவிலும் அப்படியே நடந்து, எங்கேயோ திருடிவிட்டு வருகிறவனைப் போல ஆபீஸ் போய்ச் சேர்வேன்.

அந்தத் தொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் மீன்தொட்டி கடையில் கிடைக்காது. யாரையாவது பிடித்துச் செய்துகொள்ள வேண்டியதுதான். கடல்காரர் பிடித்தது லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையை. பத்து டன் பாரம் ஏற்றிக் கொல்லிமலை ஏறினாலும் அசையாத மாதிரிதான் அவர்களுக்குக் கட்டத் தெரியும். இரும்பு ஆங்கிளை வெல்டு வைத்து, கண்ணாடி பதித்து, ஓரத்தில் ஒழுகாமல் பட்டி வைத்து அடைத்துக் கொண்டுவந்து இறக்கினார்கள். வாசலில் நுழையவில்லை. நிலையைப் பெயர்த்துத்தான் உள்ளே போயிற்று. பெயிண்டர் வேறு கைப்பழக்கத்தில் முன்பக்கம் இரண்டு தாமரையும், பின்பக்கம் 'ஒலி எழுப்பவும்' என்றும் எழுதியிருந்தான். வீட்டில் யாராவது தும்மினால்கூட முறைக்கிற மனிதர், அந்த எழுத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்.

அவருடைய சம்சாரத்தை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அதிகம் பேசமாட்டார். நிலையைப் பெயர்த்த அன்றைக்கு மட்டும் சொன்னாராம்: "நான் கண்ணாலமாயி வந்தப்பக்கூட இந்த நெலயப் பேக்கலீங்க."

மீனுக்குத் தீனி என்று கொல்லையில் பானை பானையாகத் தண்ணீர் ஊற்றி வைத்துக் கொசுப்புழு வளர்த்தார். மீன்கள் கொழுத்தன, தெரு சொறிந்துகொண்டது. முனிசிபாலிட்டியிலிருந்து மருந்து ஊற்ற ஒருவர் வந்தார். கடல்காரர் பானைக்குக் குறுக்கே நின்றுகொண்டு, "அதுல ஊத்திப் போடாதீங்க சாமி, அது சோறுங்க" என்றார். வந்தவர் பானையையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். பிறகு தன் பிடரியில் ஒரு கொசுவை அடித்துவிட்டுப் போய்விட்டார். அந்த மனிதருக்கும் என்னைப் போல அலுத்துப்போயிருக்க வேண்டும்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். டியூப்தான் என்னை ஒரு வழி பண்ணியது.

தொட்டிக்குள் காற்றுக் குமிழ் விட ஒரு சின்ன மோட்டார் இருந்தது. அன்றைய கரண்டோ வந்தால் வரும், போனால் போகும். குமிழ் நின்றால் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். கடல்காரர் லாரிக்காரர் அல்லவா? பஞ்சர் கடையிலிருந்து ஒரு பழைய லாரி டியூப்பை வாங்கி, காற்றடித்து, அதன் வாயில் மெல்லிய ரப்பர் குழாயைச் சொருகி, ஒரு கிளிப்பால் இறுக்கித் தண்ணீருக்குள் விட்டார். கரண்ட் போனதும் கிளிப்பைத் தளர்த்தினால் குமிழ் வரும். பாதிக் காற்று தீர்ந்த பிறகு வராது. அப்போது யாராவது டியூப் மேல் உட்கார்ந்து அழுத்த வேண்டும்.

அந்த யாராவது நான்தான். "சாமி, கரண்டு போயிருச்சு. சித்த உக்காருங்க" என்று கீழேயிருந்து குரல் வரும். நுனிக்காலில் இறங்கி வந்து உட்காருவேன். பேப்பர் படிக்கக் கூடாது. பக்கம் திருப்பினால் மீன் மிரளும். வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளும் தப்பவில்லை. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த பெரியவரை நாற்காலியிலிருந்து எழுப்பி டியூப்பில் உட்கார வைத்ததை நான் கண்ணால் பார்த்தேன். கனத்த ஆள் வந்தால் கடல்காரருக்கு முகம் மலர்ந்துவிடும். அக்கா மட்டும் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. "நான் பொழைக்கறதுக்கே எனக்கு மூச்சு பத்தலீங்க" என்று அடுப்படிக்குப் போய்விடுவார்.

அவர் உயிரை வைத்திருந்தது ஒரு ஜோடி ஏஞ்சல் மீன் மேல். தட்டையாக, மேலும் கீழும் நீண்ட துடுப்போடு, நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாமல் போகும். சாய்த்து வைத்திருந்த உடைந்த சிலேட்டில் ஜவ்வரிசி மாதிரி வரிசையாக முட்டை வைக்கும். மறுநாள் எல்லாம் வெளுத்துப் பூஞ்சை பிடித்துவிடும். அதற்கு மறுநாள் பெற்றதுகளே தின்றுவிடும். அன்று கடல்காரர் சாப்பிடமாட்டார். ஆபீஸில் வேறு எங்கள் மேல் எரிந்து விழுவார். மூர் மார்க்கெட் கடைக்காரரைக் கேட்டதற்கு, உங்கள் ஊர் உப்புத் தண்ணீரில் ஏஞ்சல் பொரிக்கவே பொரிக்காது, முட்டையோடு சிலேட்டை எடுத்து மழைத் தண்ணீர் மாதிரி உப்பில்லாத மென்மையான தண்ணீரில் வைத்தால்தான் உண்டு என்றாராம். ஊரையே திட்டிவிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

மழைக்கு எங்கே போவது? அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. அடிபம்பில் உப்புத் தண்ணீர்கூடக் காற்றோடு சேர்ந்துதான் வந்தது. குடங்கள் தெருவில் வரிசையாகத் தவம் கிடந்தன. பொழுதுக்கும் குடத்தோடு அலைந்த அக்கா, ஒரு நாள் தொட்டிக்கு முன்னால் வந்து நின்று தீர்ப்பைச் சொன்னார்.

"ஏனுங்க, இந்தத் தடவையும் முட்டை வெளுத்துப் போச்சுன்னா மீனையெல்லாம் யாருக்காச்சும் குடுத்துருங்க. இதுல நான் தண்ணி புடிச்சு வெக்கோணும். மனுசங்களுக்கு."

குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் ஒரு கடலை வைத்துக்கொண்டிருக்கிறோம் என்பது கடல்காரருக்கும் தெரியும். சரி என்று தலையை ஆட்டிவிட்டு ஆபீசுக்கு வந்து ஒரு காரியம் செய்தார். வெளியூர் போகிற ஒவ்வொரு டிரைவரிடமும் ஒரு கேனைக் கொடுத்து, போகிற ஊர்த் தண்ணீரைப் பிடித்துவரச் சொன்னார்.

பவானித் தண்ணீர், கர்நாடகத் தண்ணீர், ஆந்திரத் தண்ணீர் என்று ஆபீஸ் வாசலில் வந்து இறங்கியது. ஒரு டிரைவர் காசிக்கே போய்க் கங்கையைக் கொண்டுவந்தார். அதை லோடுமேன்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஆளுக்கு ஒரு கை குடித்துத் தீர்த்துவிட்டார்கள். சோதனை எப்படி என்றால், கடல்காரர் கையில் ஒரு சோப்புக்கட்டி வைத்திருப்பார். ஒவ்வொரு தண்ணீரிலும் நனைத்துத் தேய்ப்பார். நுரைத்தால் மென்மையான தண்ணீர், நுரைக்காமல் திரிந்தால் உப்பு. சரக்கு அனுப்புகிறவர்கள் லாரி கேட்டு வந்து நிற்பார்கள். மேனேஜர் வாசலில் கை கழுவிக்கொண்டே இருப்பார். வந்தவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கு வறண்டுவிடும்.

கடைசியில் வயநாட்டிலிருந்து மரம் ஏற்றி வந்த லாரியில் வந்தது ஒரு கேன். ஒரு தேய்ப்புக்கு முழங்கை வரை நுரை. "நொரைக்குது சாமி, நொரைக்குது" என்று நுரைக் கையோடு என் தோளைப் பிடித்தார். என்னிடம் இருந்த ஒரே நல்ல சட்டை அது. கேனை நான்தான் வீட்டுக்குச் சுமந்துபோய் அடுப்படி ஓரத்தில், வெயில் படாத இடமாகப் பார்த்து வைத்தேன்.

மறுநாள் காலையிலேயே ஏஞ்சல் முட்டை வைத்துவிட்டது. மத்தியானம் சாப்பிட வந்து சிலேட்டை மாற்றுவது என்று பேச்சு. வந்தோம். முதலில் சாப்பிட்டுவிடுங்கள் என்று அக்கா இலை போட்டார். எங்கள் ஊர்த் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது. எவ்வளவு நேரம் கிடந்தாலும் பல்லில் நறுக்கென்றுதான் இருக்கும். அன்றைக்குப் பருப்பு வெண்ணெயாகக் கரைந்திருந்தது. கடல்காரர் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டார். "என்ன புள்ள, பருப்பு இன்னைக்கு இப்படி வெந்துருக்குது" என்றார். என்றவர், பிசைந்த கையை அப்படியே நிறுத்திவிட்டார்.

நான் அடுப்படி ஓரத்தைப் பார்த்தேன். கேன் கவிழ்த்து வைத்திருந்தது.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. இலையை மடக்கிவிட்டு எழுந்து போய்த் தொட்டி முன்னால் நின்றார். சிலேட்டில் முட்டைகள் கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டிருந்தன. ராத்திரிக்குள் வெளுக்க ஆரம்பித்துவிடும். "விடு புள்ள," என்றார் திரும்பாமலே. "குடிக்கற தண்ணிதான அது. நாளைக்கு மீனையெல்லாம் அப்புறப்படுத்தீரலாம்." அத்தனை நாள் அவரால் பட்ட பாடெல்லாம் எனக்கு அந்த நிமிஷம் மறந்துபோயிற்று.

அக்கா உள்ளே போனார். அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து ஓர் எவர்சில்வர் குடத்தை இழுத்துக்கொண்டு வந்தார். வாயில் துணியால் வேடு கட்டியிருந்தது.

"எல்லாத்தயும் நான் ஊத்தலீங்க. பாதிய நாளன்னிக்குப் பருப்புக்குன்னு எடுத்து வெச்சேன்," என்றார். "உப்புத் தண்ணியில பருப்ப வேக வெச்சு வேக வெச்சு என்ற கையே வெந்து போச்சு. பரவாயில்ல, ஊத்துங்க."

டீக்கடைப் பெரிய பிஸ்கட் பாட்டிலில் அந்தத் தண்ணீரை ஊற்றி, சிலேட்டை இறக்கி, காற்றுக் குழாயை விட்டோம். மறுநாள் முட்டை வெளுக்கவில்லை. அதற்கு மறுநாள் உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஒரு வால் நடுங்கியது. மூன்று பேரும் பாட்டிலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றபோது வழக்கம்போலக் கரண்ட் போயிற்று. நான் போய் டியூப்பில் உட்கார்ந்தேன். குமிழ் வரவில்லை. கடல்காரரும் உட்கார்ந்தார். ஒன்றிரண்டு வந்தது. பட்டினி கிடந்து இளைத்த மனிதர், அவர் கனம் எந்த மூலைக்கு?

"தள்ளுங்க அக்கட்டால," என்று அக்கா சேலையைச் செருகிக்கொண்டு நடுவில் வந்து உட்கார்ந்தார். குமிழ் கொப்பளித்துக்கொண்டு வந்தது. கடல்காரர் அக்காவைப் பார்த்த பார்வையை நான் பார்க்காத மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொட்டி பிழைத்தது. எனக்கு விமோசனம் கிடைக்கவில்லை. குஞ்சுகளுக்கு அவித்த மஞ்சள் கருவைத் துணியில் பிழிந்து விட வேண்டும் என்று காலையில் நான் தின்கிற முட்டையில் கை வைத்தார்கள். கோழிப்பண்ணைகளுக்கு நடுவே குடியிருந்துகொண்டு, மஞ்சள் கருவையே பார்க்காமல் வெள்ளையை மட்டும் தின்று கிடந்தவன் நான். குஞ்சுகள் பெரிதானதும் நாலைப் பையில் போட்டு மூர் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினார். எந்தத் தண்ணீர் என்று கடைக்காரர் கேட்டதற்கு, கூசாமல் நாமக்கல் தண்ணீர்தான் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். "என்ற பருப்புத் தண்ணின்னு சொல்லியிருக்கோணும்" என்றார் அக்கா.

பிறகு எனக்குச் சேலத்தில் வேறு வேலை கிடைத்து, குதிகாலை ஊன்றி நடக்கிற சுதந்திரம் வந்தது. சில வருஷம் கழித்துக் கடல்காரர் போய்விட்டார் என்று ஒரு டிரைவர் வந்து சொன்னார். போனேன். கூடத்தில் தொட்டிக்குப் பக்கத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். வீடு கொள்ளாத கூட்டம். ஏஞ்சல்கள், எத்தனையாவது தலைமுறையோ, நகராமல் நின்றுகொண்டிருந்தன. அழுவதற்கு வந்த எனக்கு அழுகை வரவில்லை. அலுப்பாக மட்டும் இருந்தது.

மாலை போடப் போகும் நேரத்தில் கரண்ட் போயிற்று. காற்றாடி நின்றது. குமிழும் நின்றது. பெண்களுக்கு நடுவில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த அக்கா நிமிர்ந்து, கூட்டத்தில் என்னைத் தேடினார். "சாமி, கரண்டு போயிருச்சு," என்றார். "சித்த உக்காருங்க."

சாவு வீட்டில் லாரி டியூப்பில் ஏறி உட்காருகிறவனை உறவுக்காரர்கள் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள். கரண்ட் வரும்வரை உட்கார்ந்திருந்தேன். அவருக்காக நான் செய்த வேலைகளில், அலுத்துக்கொள்ளாமல் செய்தது அது ஒன்றுதான்.