பூந்தொட்டிக்கு நூற்றுக்கு நூறு

"அத்தான், மதியம் ஆய்வாளர் வர்றாராம்," என்றான் மச்சினன்.

நகரத் தலைவர் குடித்துக்கொண்டிருந்த தேநீரைக் கீழே வைத்தார். ஊர் எண்ணெய்க் கிணற்றுப் பணத்தில் அவர் கட்டிய தொழிற்பள்ளியைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். பளிங்குத் தரை, வாசலில் நீரூற்று, மாடிக்கு மாடி லிஃப்ட். ஒரே ஒரு குறைதான்: வாத்தியாரும் இல்லை, மாணவரும் இல்லை. வாத்தியாருக்கு ஒதுக்கிய பணம்தான் வாசலில் நீரூற்றாகப் பீச்சிக்கொண்டிருந்தது. படிக்க வேண்டியவர்கள் கிணற்றில் பீப்பாய் உருட்டிக்கொண்டிருந்தார்கள். இது தெரிந்தால் மானியம் போகும். பின்னாலேயே நாற்காலியும் போகும்.

"பீப்பாய் உருட்டுறவனுங்களைக் கூட்டிட்டு வந்து பெஞ்சுல உக்கார வை, மாப்ளே."

"கிணத்தை யாரு பாத்துக்குவா?"

"கிணறு என்ன, ஓடியா போயிடும்?"

கிணறு ஓடவில்லை. எண்ணெய் ஓடியது. குழாயை மூட ஆளில்லாமல் பொங்கி வழிந்து, கடைத்தெருவில் நின்ற வெள்ளை நாய்களையெல்லாம் கறுப்பு நாய்களாக்கியது. கிணற்று மேலாளர் முழங்கால்வரை எண்ணெயோடு பள்ளிக்குள் நடந்து வந்தார். நடந்து என்பது மரியாதைக்குச் சொல்வது. வாசற்படியில் கால் வைத்தவர் வழுக்கிக்கொண்டே தலைவர் காலடியில் வந்து சேர்ந்தார்.

"என் ஆளுங்க எங்கய்யா?"

"நல்ல நேரத்துல வந்தீங்க. நீங்கதான் வாத்தியார்."

"நானா? நான் எட்டாவதே தாண்டலையே."

"அவனுங்க ஒண்ணாவதே தாண்டலை. உங்களைக் கண்டா பயப்படுவானுங்க, அது போதும்."

கரும்பலகை முன் நின்ற மேலாளர் பழக்கதோஷத்தில் கத்தினார்: "ஷிஃப்ட் முடிஞ்சவன் கிளம்பு."

முதல் வரிசை மொத்தமும் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டது. அந்தப் பெஞ்சை நிரப்ப மச்சினன், தெருமுனை முடிதிருத்துபவர், தலைவரின் மாமியார் என்று கைக்கு அகப்பட்டவர்களையெல்லாம் உட்கார வைத்தார்கள். "ஜன்னலோரம்தான் வேணும் மாப்பிள்ளை," என்று மாமியார் அடம்பிடித்து வாங்கிக்கொண்டார்.

ஆய்வாளர் தொளதொள கோட்டோடு வந்து இறங்கினார். நீரூற்றைப் பார்க்கவில்லை, லிஃப்டைப் பார்க்கவில்லை. வாசல் பூந்தொட்டி மண்ணில் விரலை விட்டுப் பார்த்தார்.

"தண்ணியா வாரி இறைச்சிருக்கீங்க."

செலவுக் கணக்கைத்தான் குத்திக்காட்டுகிறார் என்று தலைவருக்கு வியர்த்து ஊற்றியது.

வகுப்பில் ஆய்வாளர் நேராக மாமியாரிடம் போனார். "வயசென்ன?"

"பதினெட்டு," என்றார் மாமியார், கண் இமைக்காமல்.

ஆய்வாளர் ஏற இறங்கப் பார்த்தார். "நல்ல வளர்ச்சி."

அப்புறம் ஜன்னலைத் திறந்து, "வெயில் நல்லா விழுது, அருமை," என்று சொல்லி, மானியத்தை இரண்டு மடங்காக்கக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்தப் பூந்தொட்டியையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

தலைவருக்குக் கால் தரையில் பாவவில்லை. அவரே ஓடிப்போய் கார் ஓட்டுநருக்குத் தேநீர் கொடுத்தார்.

"உங்க ஐயா தங்கம்ப்பா. வாத்தியாரை ஒரு கேள்வி கேக்கலை. ஆய்வாளர்னா இப்படி இருக்கணும்."

ஓட்டுநர் தேநீரை ஊதினார். "பதினாலு மாடி ஆபீஸ் கட்டினதுல ஆய்வாளர் போடப் பணம் மிஞ்சலைங்க. இவரு எங்க தோட்டக்காரரு."