பாடா பாடாதே

லேக் மார்க்கெட், கல்கத்தா
ஜனவரி 1998

மகாராஜஸ்ரீ அத்திம்பேர் அவர்களுக்கு விஸ்வநாதன் அநேக நமஸ்காரம். அக்காவின் முழங்கால் வலி தேவலை என்று நம்புகிறேன். இவ்விடம் நானும் வத்சலாவும் பத்மஜாவும் க்ஷேமம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. வீட்டுக்காரர் வாடகையை ஏற்றச் சொல்கிறார். பத்மஜாவுக்கு மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை. இந்த நேரத்தில் வீடு கைவிட்டுப் போனால் அவள் படிப்பு என்ன ஆகும் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வத்சலாவிடம் இன்னும் மூச்சுவிடவில்லை. அவள் கவலைப்பட ஆரம்பித்தால் அதையும் சேர்த்து நான் கவலைப்பட வேண்டியிருக்கும்.

வீட்டுக்காரர் நிர்மலேந்து பாபுவை அக்கா இங்கே வந்தபோது பார்த்திருக்கிறாள். கீழ்வீட்டில் இருக்கிறார், எப்போதும் வாய் நிறைய வெற்றிலை. தங்கமான மனுஷர் என்றுதான் நினைத்திருந்தேன். சனிக்கிழமை தோறும் வத்சலா தட்டுகிற மெதுவடையில் ஒரு கிண்ணம் கீழே போகாமல் நாங்கள் வாயில் போட்டுக்கொண்டதில்லை. போன மாசம் பர்த்வானிலிருந்து அவர் தம்பி பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினார். மறு வாரமே இவர் மாடிப்படியில் என்னை நிறுத்தி, வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, "பாடா பாடாதே ஹோபே, பிஷு பாபு" என்றார். விஸ்வநாதன் அவர் வாயில் பிஷு. என் வங்காளம் உங்களுக்குத் தெரியாததா, பஸ்ஸில் டிக்கெட் வாங்கவும் கத்தரிக்காய் பேரம் பேசவும் போதும், அதற்கு மேல் வண்டி ஓடாது. பாடாதே என்பது மட்டும் கணீரென்று காதில் விழுந்தது. பத்மஜா காலையில் சாதகம் பண்ணுவது தொந்தரவாக இருக்கிறதாக்கும் என்று அன்றைக்கே அவள் பாட்டை நிறுத்தினேன். பெண் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டது. அடுத்த வாரம் மறுபடியும் அதே பாடா, அதே பாடாதே. இன்னும் யார் பாடுகிறார்கள், வத்சலா குளிக்கும்போது முணுமுணுப்பாளே அதுவா என்று குழம்பிப்போய் ஆபீஸில் மித்ராவைக் கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, பாடா என்றால் வாடகை, பாடாதே ஹோபே என்றால் ஏற்ற வேண்டும் என்றார். தம்பி எதற்கு வந்திருக்கிறார் என்பதும் அப்போதுதான் உறைத்தது, எங்களைக் கிளப்பிவிட்டு மாடியில் குடிவைக்கத்தான்.

எனக்கும் ரோஷம் இருக்காதா அத்திம்பேர்? கீழே வடை அனுப்புவதை நிறுத்து என்று வத்சலாவிடம் சொன்னேன். ஏன் என்றாள். வயசானவர், எண்ணெய்ப் பண்டம் ஆகாது என்று சமாளிச்சேன். அந்த வாரம் அவர் மூஞ்சியைப் பார்த்திருக்கணும் நீங்க. தம்பியையும் பக்கத்துல நிறுத்திண்டு, படியை மறிச்சுண்டு, அழாத குறையா அதையே சொல்றார். தம்பியும் தலையை ஆட்டறார். சரி, வேற வீடாவது பார்ப்போம்னு கரியாஹாட் பக்கம் போனேன். சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே மீன் கடை, வத்சலா ஒரு நாள் தாங்கமாட்டாள். பவானிபூரில் ஒரு வீட்டுக்காரர் சாவியைக் காட்டறதுக்கு முன்னாடியே அட்வான்ஸைக் கேட்டார். கேட்ட தொகைக்கு நான் அங்கேயே உட்கார்ந்துட்டேன், அவர் வீட்டம்மாதான் தண்ணி கொடுத்து அனுப்பினாள்.

கடைசியில் இன்னிக்குக் காலம்பற சரணாகதி. மித்ரா சொல்லிக்கொடுத்தபடி 'பாடா'வை அடிவயித்துலேர்ந்து எடுத்து, வாடகையை ஏத்திக் கொடுக்கறேன்னு சுத்தமான வங்காளத்துல சொல்லி, இந்த மாசத்து வாடகையோட கால் பங்கு கூடச் சேர்த்துக் கையிலேயே வச்சேன். மனுஷர் என் ரெண்டு கையையும் பிடிச்சுண்டு கண் கலங்கறார். நடிப்பைப் பார்த்தேளா?

பரீட்சை வரைக்கும் எப்படியோ பல்லைக் கடிச்சுண்டு இருப்பேன். அதுக்கப்புறம் எங்களுக்கு உங்க மாடி போர்ஷன்தான் கதி. அதில் குடியிருக்கும் பட்டாபி நல்ல மாதிரி என்று அக்கா எழுதியிருந்தாள், அதனால் போ என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டாம். வாடகையை ஏத்திவிடுங்கள், தன்னால் போய்விடுவார்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். குழந்தைகளுக்கு வத்சலாவின் ஆசீர்வாதம். கவலையிலும் மறவாத,

விஸ்வநாதன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் வத்சலா கீழேயிருந்து வந்தாள். உன் புருஷனைப் போல உண்டா, கேட்காமலே வாடகையை ஏத்திக் கொடுத்தாரே என்று வீட்டுக்கார மாமி இவளைக் கட்டிக்கொண்டாளாம். நிர்மலேந்து பாபு கேட்டது பாடா இல்லையாம், 'பொடா'வாம். இங்கே வடைக்கு அதுதான் பேராம். வெற்றிலை வாயில் எல்லாம் ஒன்றாக விழுந்து தொலைத்தது. தம்பி வந்ததிலிருந்து கிண்ணம் பத்தவில்லை, வடையைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள் என்றுதான் படியில் நின்று கெஞ்சினாராம். தம்பியும் கண் ஆபரேஷனுக்கு வந்தவர், அடுத்த மாசம் ஊருக்குப் போய்விடுவாராம். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறேன் என்றால், மானம் போயிடும், பேசாம இருங்கோ என்கிறாள். ஆக, வாடகையும் ஏறிவிட்டது, வடையும் ஏறிவிட்டது. உளுந்து ஊறிக்கொண்டிருக்கிறது. நீங்கள் பட்டாபியின் வாடகையைத் தொடாதீர்கள். அவரிடம் எதையாவது கூட்டித்தான் ஆகவேண்டும் என்றால் வடை கேளுங்கள், வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேளுங்கள்.