குழாய்க்கு முதுகு கொடுத்தவர்

குழாய் சட்டென்று திரும்பும் இடத்தில் கான்கிரீட் கட்டை வைத்துத் தாங்கிய பிறகே தண்ணீரைத் திறக்க வேண்டும் என்பது மராமத்து விதி. மேலிடத்து அனுமதியான சாங்ஷன் இல்லாமல் அரசாங்கக் குழாயை ஒட்டி ஒரு கல்கூட வைக்கக் கூடாது என்பதும் விதிதான். இவ்விரண்டுக்கும் நடுவே உட்கார்ந்து காட்டியவர், திருவிதாங்கூர்-கொச்சி முழுவதிலும், எதற்கும் உந்தக் கணக்குச் சொல்லியே ‘மொமெண்டம்’ என்று பெயரெடுத்த எங்கள் ஓவர்சியர் ஒருவரே.

டீயைக்கூட அவர் சும்மா குடித்ததில்லை. கடைக்காரர் ஆற்றும்போது குறுக்கே விரலை நீட்டுவார்.

“பாத்தியா மக்கா, மேல தடிச்சிருக்கு, கீழ நூலு மாதிரி. வேகம் கூடுனா மெலியும். அளவு ஒண்ணுதான்.”

“அளவு கொறஞ்சுன்னு நான் சொன்னனா சார்? கைய எடும், சுடும்!”

பூதப்பாண்டியில் குடிதண்ணீர்க் குழாய் போட்டபோது, தெருமுனை வளைவுக்குக் கட்டை கேட்டுத் தலைமை ஆபீசுக்கு எழுதினார். பதில் இல்லை. மந்திரி திறந்துவைக்கும் நாள் நெருங்கியது. வளைவு கழன்றால் அந்தத் தெருவுக்கு மறுபடியும் குளத்துத் தண்ணீர்தான். குமாஸ்தாவான என்னிடம் வந்தார்.

“கல்லு வைக்கலாமா வே?”

“வச்சா கட்டுமானம். சாங்ஷன் வேணும்.”

“ஆளு வச்சா?”

விதிப்புத்தகத்தைப் புரட்டினேன். மனிதன் கட்டுமானம் அல்ல.

மந்திரி வந்தபோது, ஓவர்சியர் வளைவின் வெளிப்பக்கம் முதுகைக் கொடுத்து, எதிர்ச்சுவரில் இரு கால்களையும் ஊன்றிக் கிடந்தார். எஞ்சினியர் ஓடிவந்து குனிந்தார்.

“எழும்பும் ஓய், மந்திரி நிக்காரு!”

“நான் எழும்பினா குழாயும் எழும்பும் சார். ஓடி வாற தண்ணிய திருப்பினா அது உதைக்கும்லா!”

தண்ணீர் வந்தது. ஓவர்சியர் ஒருமுறை குலுங்கினார். குழாய் நின்றது. அதுவே வினையாயிற்று. கட்டை இல்லாமலே நிற்கிறது, செலவு தேவையில்லை என்று எஞ்சினியர் மேலே எழுதிவிட்டார்.

பிறகு தினமும் காலை, தண்ணீர் விடும் நேரம் முழுக்க ஓவர்சியர் வளைவில்தான். நாற்காலியில் ஆள் இல்லை என்று மெமோ வந்தது. ‘முதுகு பணியில் இருந்தது’ என்று விளக்கம் கொடுத்தார். மணவாளக்குறிச்சிப் பக்கம் மாற்றிவிட்டார்கள்.

புறப்படும் காலையில் வளைவுக்கு வந்தார். அங்கே டீக்கடைக்காரர் சுவரில் கால் ஊன்றிக் கிடந்தார்.

“முதுக இன்னுங் கொஞ்சம் ஒட்டி வையி மக்கா.”

“நீரு பஸ்ஸப் பிடியும் சார். தெருவுல வீட்டுக்கு வீடு முறை வச்சாச்சு.”

கட்டை விஷயமாகத் தலைமை ஆபீசின் பதில் ஒருவழியாக வந்தது. அவ்வூர் இனி எங்கள் மாநிலத்தில் இல்லை, சென்னை மாநிலத்தோடு சேர்ந்துவிட்டது, அங்கே எழுதவும். அந்தத் தெருவில் எனக்கு வீடு இல்லை. இருந்தும் அன்றைக்கு என் முறை, நானே கேட்டு வாங்கிக்கொண்டது. குழாயை முதுகால் தாங்கியபடியேதான் உறையைப் பிரித்தேன். தேதி, 1956 நவம்பர் 1.